விட்ட குஞ்சுகளை எண்ணினால் போதுமா?

மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் நாளிதழ்களில் தவறாமல் ஒரு படம் வரும். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஆமைக்குஞ்சுகள் ஈர மணலில் அலையை நோக்கித் தவழ்ந்து போகும். பின்னால் வனத்துறைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். படத்துக்குக் கீழே ஓர் எண்: இந்தப் பருவத்தில் இத்தனை ஆயிரம் குஞ்சுகள் கடலில் விடப்பட்டன, போன ஆண்டைவிட இவ்வளவு கூடுதல்.

நல்ல செய்திதான். ராத்திரி முழுக்க மணலில் நடந்து, நாய் தோண்டுவதற்குள் முட்டைகளைக் கண்டெடுத்து, பொரிப்பகத்தில் புதைத்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் காவல் காத்தவர்களின் உழைப்பு அந்த எண்ணில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் இந்த நடை 1970களில் தொடங்கியது. 1988 முதல் மாணவர்களே ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து நடத்திவருகிறார்கள். ஆனால் கடலில் ஆமைகள் கூடினவா, குறைந்தனவா என்று கேட்டால் அந்த எண்ணிடம் பதில் இல்லை. அது நாம் செய்த வேலையின் கணக்கு. ஆமைக்கு என்ன ஆனது என்பது தனிக் கணக்கு.

காட்டுயிர்ப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைப் போடவும், அது பலித்ததா என்று பார்க்கவும் கற்றுக்கொள்கிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். இதற்குச் ‘சான்று சார்ந்த பாதுகாப்பு’ என்று பெயர். பெயர் கனமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். நாம் செய்வது பலன் தரும் என்று எதை வைத்து நம்புகிறோம், பலன் தந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற இரண்டு கேள்விகள்தான் அதன் உள்ளே இருக்கின்றன.

சங்கிலியை எழுதிப் பாருங்கள்

ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் ஒரு யூகம் ஒளிந்திருக்கும். ஆமைப் பொரிப்பகத்தின் யூகம் இது: முட்டைகளைக் காத்தால் குஞ்சுகள் கூடும், குஞ்சுகள் கூடினால் பத்துப் பதினைந்து ஆண்டில் வளர்ந்த ஆமைகள் கூடும், அவை கரைக்கு வந்து முட்டையிடும், இனம் பெருகும். இதைத் தாளில் எழுதி, கண்ணிக்குக் கண்ணி அம்புக்குறி போட்டு இணைத்துப் பாருங்கள். துறைக்காரர்கள் இதை விளைவுச் சங்கிலி என்பார்கள். எழுதிய பிறகு ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் விரலை வைத்து, இது நிச்சயமா என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் பெருந்தலை ஆமைகளுக்காக அப்படி ஒரு முறை விரல் வைத்துப் பார்த்தார்கள். 1987இல் டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் ஆகிய மூவர் அந்த ஆமையின் வாழ்க்கையை முட்டை, குஞ்சு, இளம் ஆமை, வளர்ந்த ஆமை எனப் பருவம் பருவமாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை பிழைக்கின்றன என்று கணக்குப் போட்டார்கள். கிடைத்த விடை கரையில் காவலிருந்தவர்களுக்குக் கசப்பானது. ஒரு முட்டைகூடச் சேதமாகாமல் அத்தனையும் பொரித்தாலும் அந்த ஆமைக் கூட்டத்தின் சரிவு நிற்காது என்று கணக்கு சொன்னது. நடுப்பருவ இளம் ஆமைகளைச் சாகாமல் பார்த்துக்கொண்டால் நிற்கும் என்றும் சொன்னது. அந்த வயது ஆமைகள் இறால் பிடிக்கும் இழுவை வலைகளில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துக்கொண்டிருந்தன. வலைக்குள் ஒரு கம்பித் தடுப்பை வைத்தால் இறால் கம்பிகளின் இடுக்கு வழியே உள்ளே போய்விடும், ஆமை கம்பியில் முட்டி மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். அந்த ஆமை விலக்கிக் கருவியின் பக்கம் கவனத்தைத் திருப்பியதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் கரைக்கு வருவது வேறு இனம், ஆலிவ் ரிட்லி என்கிற பங்குனி ஆமை. அந்தக் கணக்கை அப்படியே பெயர்த்து இங்கே ஒட்ட முடியாது. ஆனால் கேள்வி அதேதான். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிட வந்த வயதுக்கு வந்த ஆமைகள் அவை. இழுவை வலைகளின் மேல்தான் பெரிதும் சந்தேகம் விழுந்தது. ஒரு வளர்ந்த ஆமையின் இடத்தை நிரப்ப எத்தனை குஞ்சுகளை விட வேண்டியிருக்கும் என்று யோசித்தால், சங்கிலியின் நைந்த கண்ணி கரையில் இல்லை என்பது விளங்கும்.

இதைச் சொன்னால், பொரிப்பகமே வீண் என்கிறீர்களா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. முட்டையே மிஞ்சாவிட்டால் அடுத்த தலைமுறையே கிடையாது. அந்த ராத்திரி நடையில் ஆமையை முதன்முதலாகப் பார்த்து இந்தத் துறைக்கே வந்தவர்களும் உண்டு. அது அவசியமான கண்ணி, ஆனால் அது ஒன்றே போதும் என்று நினைத்து மற்றக் கண்ணிகளை மறந்துவிடுவதுதான் பிழை.

நோய் தெரியாமல் மருந்து கொடுக்காதே

திட்டம் எழுத உட்கார்ந்தவுடனே ‘மரம் நடுவோம்’, ‘விழிப்புணர்வு முகாம் நடத்துவோம்’ என்று செயலில் தொடங்குவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். அதற்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பாறு கழுகுகளின் கதையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்லும் பறவைதான் பாறு. 1990களில் இந்தியா முழுக்க அது கொத்துக் கொத்தாகக் குறைந்தது. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது என்று பொருள். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் கூடுகள் காலியாவதை விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். என்ன காரணம்? தொற்றுநோயா, பூச்சிமருந்தா, இரை குறைந்துவிட்டதா? ஆளுக்கொன்று சொன்னார்கள். வைரஸாக இருக்கலாம் என்பது அன்றைக்கு வலுவான சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தையே நம்பித் திட்டம் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? நோய்த்தடுப்புக்குப் பணம் கொட்டியிருப்பார்கள். பறவைகள் செத்துக்கொண்டே இருந்திருக்கும்.

2004இல் பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் விடையைக் கண்டார்கள். செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது பலவற்றின் உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. அப்படி இறந்த 25 பறவைகளைச் சோதித்தார்கள்; இருபத்தைந்திலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. மாட்டுக்கு வலி, வீக்கத்துக்குப் போடும் மருந்து. வேறு காரணத்தால் இறந்த 13 பறவைகளையும் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. அதோடும் நிற்காமல், அந்த மருந்து ஏற்றிய கால்நடையின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதே விதத்தில் அவை சாவதை உறுதி செய்தார்கள்.

அந்த 13 பறவைகளைக் கவனியுங்கள். ஒரு புதியவர் 25ஐ மட்டும் சோதித்துவிட்டு ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று கத்தியிருப்பார். ஊரில் உள்ள எல்லாப் பாறுகளின் உடம்பிலும் அந்த மருந்து கொஞ்சம் இருக்கலாமே? ஒப்பிட்டுப் பார்க்க 13 இருந்ததால்தான் 25க்கு அர்த்தம் வந்தது.

காரணம் தெரிந்ததும் திட்டத்தின் வடிவமும் தெளிந்தது. பாறுகளுக்குக் கேடு செய்யாத மாற்று மருந்தாக மெலாக்சிகாம் இருப்பது சோதனையில் தெரியவந்தது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. ஹரியானாவின் பிஞ்ஜோரில் பாறுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் வேலையும் நடந்தது. விஷம் வெளியே இருக்கும்வரை அந்தப் பறவைகளைத் திறந்துவிடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அதனால் எதை முதலில் செய்வது என்ற வரிசையும் காரணத்திலிருந்தே வந்தது.

வால்பாறையிலும் இதுபோல ஒரு திருப்பம் உண்டு. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்குள் யானைகள் நடமாடும், ஆட்கள் சாவார்கள். யானையை எப்படி விரட்டுவது என்றுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் ஒவ்வொரு சாவும் எப்படி நடந்தது என்று விசாரித்தபோது, பெரும்பாலானவை பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களின் சாவுகள் என்று தெரிந்தது. கேள்வியே மாறிவிட்டது: யானை எங்கே நிற்கிறது என்று மனிதருக்கு முன்கூட்டியே எப்படிச் சொல்வது? உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி, மேட்டில் நின்று எரியும் சிவப்பு விளக்கு என்று விடைகள் வந்தன. அந்தப் பணிக்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015இல், இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது. விளக்கை ஊர்க்காரர்களே செல்பேசியில் அழைத்து எரியவைக்கும்படி செய்ததுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி.

எதை அளப்பது

காரணம் தெரியும், செயலும் முடிவாகிவிட்டது. இனி இலக்கு. ‘பாறுகளைக் காப்போம்’ என்பது ஆசை. எந்த இடத்தில், எந்த இனம், எந்த ஆண்டுக்குள், எவ்வளவு மாற வேண்டும் என்று எழுதினால்தான் அது இலக்கு. நாளைக்கு ஒருவர் வந்து ‘உங்கள் திட்டம் தோற்றுவிட்டது’ என்று காட்ட முடியாதபடி எழுதப்பட்ட இலக்கு, வென்றாலும் வென்றதாகத் தெரியாது.

அளவுகோலை எங்கே வைக்கிறோம் என்பதில் பெரிய வழுக்கல் இருக்கிறது. தடை ஆணை வந்தது என்பது வேலையின் கணக்கு. மருந்து உண்மையில் நின்றதா? 2007 முதல் 2010 வரை, ஆய்வாளர்கள் சாதாரண வாடிக்கையாளர் போல 250க்கும் மேற்பட்ட மருந்துக் கடைகளில் ஏறி, மாட்டுக்கு வலி மருந்து வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு கடைக்கு மேல் டைக்ளோஃபெனாக்கை எடுத்து நீட்டின. மனிதர்களுக்கான பெரிய குப்பி மருந்து மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2015இல் அந்தக் குப்பியின் அளவை 3 மில்லிக்குள் சுருக்கியதற்குப் பின்னணி இதுதான். கடைக்குப் போய்க் கேட்காமல் அரசாணையை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அடுத்த படி, செத்த மாடுகளின் உடலில் மருந்து இருக்கிறதா என்று சோதிப்பது. ஆயிரக்கணக்கான சடலங்களிலிருந்து மாதிரி எடுத்தார்கள். தடைக்கு முன் பத்துச் சடலத்தில் ஒன்றில் இருந்த மருந்து, தடைக்குப் பின் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கைதட்டலாமா? பொறுங்கள். ஒரு மாட்டின் சடலத்தைப் பாறுகள் கூட்டமாக இறங்கித் தின்னும். ஆகவே நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக விஷம் இருந்தாலே அந்த வேகச் சரிவை உண்டாக்கப் போதும் என்று முன்பே கணக்கிட்டிருந்தார்கள். பாதியாகக் குறைந்த பிறகும் அந்த எல்லைக்குப் பல மடங்கு மேலேதான் அளவு நின்றது. சரிவு மட்டுப்பட்டது உண்மை. வேலை முடியவில்லை என்பதும் உண்மை. ‘50 சதவீதக் குறைவு’ என்று அறிக்கையில் வரும் எண்ணைப் பார்க்கும்போது, அந்த உயிருக்கு எவ்வளவு குறைந்தால் போதும் என்ற எண்ணையும் கூடவே தேடுங்கள்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 தொடக்கத்தில் நடத்திய பாறு கணக்கெடுப்பில் 246 பறவைகள் தென்பட்டன. அதே ஆண்டு இறுதியில் நடத்தியதில் 320. பாறுகள் ஓராண்டுக்குள் இவ்வளவு பெருகாது. அவை ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை. அப்படியானால் நின்று பார்த்த இடங்கள் கூடினவா, பருவம் வேறா, பார்க்கிறவர்களின் கண் பழகிவிட்டதா? இப்படிக் கேட்பது கணக்கெடுத்தவர்களைக் குறை சொல்வதாகாது. ஒரே முறையில், ஒரே பருவத்தில், ஒரே இடங்களில் பல ஆண்டுகள் எண்ணினால்தான் எண்கள் ஒன்றோடொன்று பேசும்.

நீங்கள் செய்யாதிருந்தால்?

மதிப்பீட்டில் மிகக் கடினமான கேள்வி இதுதான். திட்டம் நடந்தது, நிலைமை மாறியது. திட்டத்தால்தான் மாறியதா?

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். ஒரு வருஷம் காட்டுப்பன்றியும் யானையும் வயலை நாசமாக்கிவிட்டன. ஊர் கொதிக்கிறது. நாம் போய் வேலி போடுகிறோம். அடுத்த வருஷம் சேதம் பாதி. வேலியால்தானே? இருக்கலாம். ஆனால் அடுத்த வருஷம் காட்டில் நல்ல மழை பெய்து மேய்ச்சல் செழித்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு: சேதம் உச்சத்தில் இருந்த வருஷத்தைப் பார்த்துத்தான் நாம் அந்த ஊருக்கே போனோம். உச்சத்துக்கு அடுத்த வருஷம் யாரும் எதுவும் செய்யாமலே பெரும்பாலும் குறையும். காய்ச்சல் ஏறியிருக்கும்போது மந்திரிக்கப் போய், இறங்கியதும் மந்திரத்துக்குக் காணிக்கை கொடுப்பது போன்றது இது.

தப்பிக்க வழி, வேலி போடாத பக்கத்து ஊர் ஒன்றிலும் முன்னும் பின்னும் அளந்துவைப்பது. இரண்டு ஊரிலும் சேதம் ஒரே அளவு குறைந்திருந்தால் அது மழையின் வேலை. நம் ஊரில் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் வேலிக்குப் பங்கு உண்டு. பக்கத்து ஊரில் ஏறியிருந்தால்? யானையை அங்கே தள்ளிவிட்டிருக்கிறோம். இந்த மூன்றாவது சாத்தியத்தைப் பலர் அளப்பதே இல்லை, ஏனென்றால் பக்கத்து ஊர் திட்டத்தின் எல்லைக்கு வெளியே.

கென்யாவின் சாவோ பகுதியில் லூசி கிங் நடத்திவரும் தேனீ வேலி ஆய்வு, காத்திருந்து அளப்பதன் அருமையைக் காட்டும். யானைக்குத் தேனீ என்றால் பயம். வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, அதில் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிடுவார்கள். யானை கம்பியில் மோதினால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும். ஒன்பது ஆண்டுத் தரவு 2024இல் வெளியானபோது, விளைச்சல் உச்சத்தில் இருக்கும் பருவங்களில் நெருங்கிவந்த யானைகளில் 86 சதவீதம் வரை திரும்பிப் போனது தெரிந்தது. அதே தரவு இன்னொன்றையும் சொன்னது. 2017 வறட்சிக்குப் பின் பெரும்பாலான பெட்டிகளில் தேனீக்கள் இல்லாமல் போயின. தேனும் குறைந்தது, காவலும் தளர்ந்தது. இரண்டே ஆண்டு, அதுவும் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் அளந்திருந்தால் இந்தப் பலவீனம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அளக்காமலே கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் வௌவால் பாலங்கள் இருக்கின்றன. புதுச் சாலை வௌவால்களின் பறக்கும் தடத்தை வெட்டுகிறது. சாலைக்கு மேலே கம்பிகளைக் கட்டிவைத்தால் அதை ஒட்டி உயரமாகப் பறந்து கடக்கும் என்பது யூகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2012இல் அன்னா பெர்தினுசன், ஜான் ஆல்ட்ரிங்கம் இருவரும் அந்தப் பாலங்களுக்கு அடியில் நின்று எண்ணினார்கள். வௌவால்கள் பாலத்தைச் சட்டை செய்யவில்லை. பழைய தடத்திலேயே வண்டிகள் போகும் உயரத்தில் கடந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகும் பெரும் செலவில் புதுப் பாலங்கள் கட்டப்பட்டன!

ஏற்கெனவே யாரோ செய்து பார்த்திருப்பார்கள்

அந்தப் பாலம் கட்டியவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நம்மையும் பார்த்துக்கொள்ளலாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வில்லியம் சதர்லேண்ட் என்ற ஆய்வாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் இங்கிலாந்தின் ஈரநிலப் பகுதி ஒன்றில் மேலாளர்களிடம், நீங்கள் செய்யும் வேலைகளை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பொது அறிவு, சொந்த அனுபவம், பக்கத்துக்காரர் சொன்னது ஆகியவைதான் பெரும்பங்கு. ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து வந்தது நூற்றுக்கு மூன்றைக்கூடத் தொடவில்லை. அந்தக் குழு மருத்துவத் துறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ‘கன்சர்வேஷன் எவிடென்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எந்தச் செயலை யார் எங்கே சோதித்தார்கள், என்ன ஆனது என்று உயிரினம் வாரியாகச் சுருக்கித் தொகுத்து, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். வௌவால் பாலமும் அதில் இருக்கிறது. திட்டம் எழுதுமுன் ஒரு மாலை நேரத்தை அங்கே செலவிடலாம். ஆனால் அதில் ஐரோப்பா, அமெரிக்கா ஆய்வுகளே அதிகம். நம் ஊர் முறைகள் பலவற்றுக்குப் பக்கமே இருக்காது. அந்த இடத்தில் ஊரில் மாடு மேய்க்கிறவர், மீனவர், காட்டில் தேன் எடுக்கிறவர் சொல்வதும் சான்றுதான். எத்தனை பேர், எந்த இடத்தில், எவ்வளவு காலம் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

காசு இல்லாத சிறு குழு இத்தனையும் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். ஒரு பக்கத் தாள் போதும். மேலே காரணம் என்று நாம் நினைப்பது, நடுவில் சங்கிலி, ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் அதை எப்படி அளப்போம் என்று ஒரு வரி. கீழே ஒரு தேதியும், அந்தத் தேதிக்குள் எது நடக்காவிட்டால் வழியை மாற்றிக்கொள்வோம் என்பதும். கடைசி வரியை எழுதத்தான் கை வராது. பணம் கொடுத்தவர் பார்ப்பாரே என்ற தயக்கம் இருக்கும். வேலை தொடங்குமுன் எழுதிவிடுங்கள். தொடங்கிய பிறகு நம் திட்டத்தின் மேல் நமக்கே பாசம் வந்துவிடும்.

அப்புறம், குறிப்பேடு. ஆமை நடை போகிறவர்கள் பெரும்பாலும் கூடு கிடைத்த இரவை மட்டும் எழுதுவார்கள். ஒன்றுமே கிடைக்காமல் கால் வலிக்கத் திரும்பிய இரவையும் எழுதுங்கள். எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, செத்த ஆமை எத்தனை, கூடு பூஜ்யம். பத்து ஆண்டு கழித்து, கூடுகள் கூடினவா அல்லது நடந்த தூரம்தான் கூடியதா என்று ஒருவர் கேட்கும்போது, பதில் அந்தப் பூஜ்யங்களில்தான் இருக்கும்.